‘தம்பி’ என்று பெயர் வைத்த நிறம்

மார்ச் 4, செவ்வாய்
காமிக்ஸ் நாயகனுக்குத் தோல் நிறம் அமையாமல் மூன்று நாளாக மண்டை காய்ந்தது. எது போட்டாலும் பிளாஸ்டிக் பொம்மை மாதிரி நின்றான். கடைசியில் தம்பியின் புகைப்படத்தைத் திறந்து, அவன் கன்னத்தில் கணினியின் நிறம் எடுக்கும் கருவியான ட்ராப்பரை வைத்து நிறத்தை உறிஞ்சி எடுத்தேன். அடர்த்தி சரியாக 40. பயலுக்கு உயிர் வந்துவிட்டது! நிறப்பட்டியலில் அந்தக் கட்டத்துக்குத் ‘தம்பி’ என்றே பெயர் வைத்தேன்.

“அப்ப அட்டையில என் பேரைப் போடு” என்கிறான். பழமண்டியில் மூட்டை தூக்குகிறவனுக்கு ஆசையைப் பார்.

மார்ச் 10, திங்கள்
கதைப்படி நாயகன் நாற்பது பக்கத்தில் பேயாக மாற வேண்டும், படிப்பவருக்குத் தெரியாமல். பக்கத்துக்கு ஒரு புள்ளி அடர்த்தியைக் குறைக்கிறேன். இன்று பத்தாம் பக்கம். 30.

மார்ச் 14, வெள்ளி
தம்பி மூட்டையோடு கீழே உட்கார்ந்துவிட்டானாம். இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். “படி ஏறினாலே மூச்சு வாங்குதுக்கா.” டாக்டர் சோதித்துவிட்டு, ரத்தம் குறைந்திருக்கிறது, காரணம் தெரியவில்லை என்றார்.

ஜன்னலோரம், பழைய படம் எடுத்த அதே இடத்தில், அவனை உட்கார வைத்துப் படம் எடுத்தேன். கன்னத்தில் ட்ராப்பரை வைத்தேன். 22.

இன்று முடித்தது பதினெட்டாம் பக்கம். அதுவும் 22.

வெளிச்சக் கோளாறாக இருக்கும்.

மார்ச் 15, சனி
வேலை செய்யவில்லை. காலை 22. மதியம் 22. சாயங்காலம் 22.

மார்ச் 17, திங்கள்
சோதித்துப் பார்க்கத்தான் ஒரே ஒரு பக்கம் முடித்தேன். பத்தொன்பது. 21. அவன் தூங்கும்போது படம் எடுத்தேன்.

21.

ஐயோ, என்ன செஞ்சு தொலைச்சேன் நான்? என் கையாலயேவா?

மார்ச் 18, செவ்வாய்
பதிப்பாசிரியரிடம் கெஞ்சினேன், நாயகன் இத்தோடு வெளுப்பதை நிறுத்தலாம் என்று. “அவன் பேயாகலன்னா கதையே இல்லம்மா. உங்களால முடியலன்னா சொல்லுங்க, உங்க நிறப்பட்டியலை வெச்சு வேற ஆள் முடிச்சுக் குடுப்பாங்க.”

வேற ஆளா? என் தம்பியை எவனோ ஒருத்தன் சுழியம் வரைக்கும் கொண்டுபோவானா?

பழைய நிறத்தையே திரும்ப வைத்துப் பார்த்தேன். அவன் முகத்தில் மாற்றமில்லை. பிறகு என் முகத்தைப் படம் எடுத்து, நிறப்பட்டியலில் ‘தம்பி’ கட்டத்தைத் திறந்து, என் கன்னத்திலிருந்து உறிஞ்சி வைத்தேன். எனக்கும் 40தான், ஒரே ரத்தம். ஒரு சொடுக்கில் பத்தொன்பது பக்கமும் மாறின. தம்பி என்ற பெயரை அழித்துவிட்டு ‘அக்கா’ என்று எழுதினேன்.

மார்ச் 24, திங்கள்
தம்பி மூன்று தட்டுச் சாப்பிட்டான். கன்னத்தில் 38. டாக்டர் தன் மாத்திரைதான் காரணம் என்கிறார். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. சொல்லிக்கொள்ளட்டும்.

“ஏன்க்கா இப்படி வெளுத்துட்ட?”

“வெயில்ல எங்க போறேன், அதான்.”

நம்பிவிட்டான். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் நம்புவான்.

மார்ச் 28, வெள்ளி
முப்பத்தொன்பதாம் பக்கம் அனுப்பியாயிற்று. பதிப்பாசிரியர் போன் செய்தார். “அந்தப் பையன் முகத்தைப் பார்த்ததும் பக்கத்தை மூடிட்டேம்மா. பிரமாதம்!”

அவர் படம் என்னிடம் இருக்கிறது. நல்ல ரத்த ஓட்டமுள்ள கன்னம். ட்ராப்பரை அதன்மேல் கொண்டுபோயும் விட்டேன். படத்தில் அவர் மடியில் பேத்தி சிரித்துக்கொண்டிருந்தாள். சீ, என்ன புத்தி இது! மூடிவிட்டேன்.

பயமாகத்தான் இருக்கிறது. கண்ணாடியைப் பார்ப்பதை நிறுத்திவிட்டேன். நாளைக்குக் கடைசிப் பக்கம். எழுத்தாளரின் குறிப்பு ஒரே வரி: ‘இவனுக்கு நிறம் வேண்டாம், தாள் மட்டும்.’

கீழே கதவு திறக்கிறது. தம்பி வேலை முடிந்து, படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறி வருகிறான். மூச்சு வாங்கவில்லை.