மூக்கு வரைக்கும் வந்த மாப்பிள்ளை

ஆவணி 24, செவ்வாய்

மாப்பிள்ளையின் படம் மூக்கு வரைக்கும் வந்து நின்றுவிட்டது. லைன் அறுந்தது.

கச்சான் காற்று. காலையிலிருந்து கடைக்குள் ஒரே மண். போட்டோக்கொப்பி மிஷினைத் துணி போட்டு மூடியும் பயனில்லை.

நடந்தது இது. மகள் சுகந்திக்குப் பார்க்கிற இடம், பெயர் தயாபரன். கட்டாரில் ஏ.சி. திருத்துகிற வேலை. வயது முப்பத்தொன்று, பிள்ளைக்கு இருபத்தேழு, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். தாய் கிரானில். தாய்வழிக் குடி வேறு, அதனால் கட்டலாம். படம் அனுப்பியிருந்தார். சுகந்தியை முதலாம் கம்பியூட்டருக்கு முன்னால் இருத்தினேன். மேலிருந்து கீழே கோடு கோடாக இறங்கியது படம். தலைமயிர் வர ஐந்து நிமிடம். நெற்றி, திருநீறு. கண் இரண்டும் வந்தன. நல்ல கண். மூக்கு முடிகிற நேரம் பார்த்து வீட்டுக்குள் இவர், சுகந்தியின் அப்பா, ரிசீவரைத் தூக்கிவிட்டார், நெல் வெட்டு மிஷின்காரனுக்குக் கோல் எடுக்க. கடைக்கும் பின்னால் வீட்டுக்கும் ஒரே லைன். ரிசீவரைத் தூக்கினால் இன்ரநெற் போய்விடும். எத்தனை தரம் சொல்லியாயிற்று.

சுகந்தி: "வாய் எப்பிடியாம்?"

"வாய் எல்லாருக்கும் இரிக்கிற மாதிரித்தான் இரிக்கும்."

"பல்லு?"

இவர் கதவடியில் வந்து நின்றார். "நான் என்ன செஞ்ச நான்? வேளாண்மை வெட்டுக்கு நிக்கிது. மாப்பிள்ளை ஓடவா போறார்?"

திரும்ப எடுக்கப் பார்த்தேன். கீ கீ என்று கத்தியதுதான் மிச்சம். வெளியே மூன்று பேர் காத்து நின்றார்கள். விட்டுவிட்டேன்.

பேப்பர் முடிகிறது. சொல்ல வேண்டும்.

ஆவணி 25, புதன்

வெயில். காற்று அப்படியே.

நெற்றுக்கு வேக லைன் எடுப்பதா, விடுவதா. ஒரு மாதமாக மனதில் கிடக்கிறது. இன்றைக்கு எழுதியே பார்ப்போம்.

வேண்டாம்:
நிமிடத்துக்கு நாலு ரூபாய் எடுக்கிற கடை. ஒரு கடிதம் திறக்கப் பத்து நிமிடம் போனால் பத்து நிமிடக் காசு. சட்டென்று திறந்தால் ஒரு நிமிடக் காசு. இந்த மெதுதான் எனக்குச் சோறு போடுகிறது.
வெளிநாட்டுக் கோல். முகம் பார்த்துக் கதைக்கலாம் என்று வந்துவிட்டால் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று கதைக்க யார் வருவார்?
இரண்டு வருட ஒப்பந்தமாம்.

வேண்டும்:
ஒருவர் நெற்றில் இருந்தால் கோல் எடுக்க வந்தவர் எதிர்க்கடைக்குப் போகிறார். வேக லைனில் இரண்டும் ஒன்றாக நடக்குமாம்.
நெற்றுக்கு வந்த என்.ஜி.ஓ. ஆட்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டிக்கொண்டு போகிறார்கள். இனி வருவது பள்ளிப் பிள்ளைகளும் வேலை தேடுகிறவர்களும். அவர்களுக்குப் பொறுமை இல்லை.
இவர் நினைத்த நேரம் ரிசீவரைத் தூக்கலாம்.

சண்டை நேரம் அந்தக் கூட்டுக்குள் நின்று சனம் அழுததற்கும் மீற்றர் ஓடியது. நான் நிறுத்தவில்லை. சிலருக்குக் குறைத்தேன், எல்லாருக்கும் இல்லை. கடல் வந்து கரையோரத்துக் கடையை அள்ளிக்கொண்டு போனபின், ஒரு பழைய போட்டோக்கொப்பி மிஷினோடு மெயின் றோட்டுக்கு வந்தவள் நான். எல்லாருக்கும் இரங்கியிருந்தால் இன்றைக்கும் கூடாரத்தில்தான் இருந்திருப்பேன். இப்போது கூட்டுக்குள் சிரிப்புத்தான் கூட. இன்று ஒரு மனிசி லண்டனிலிருக்கிற மகனுக்கு ஆடு மூன்று குட்டி போட்ட கதையைப் பதினாறு நிமிடம் சொன்னார். ஒவ்வொரு குட்டியின் நிறத்தோடும்.

முடிவு: வேக லைன் வேண்டாம். இந்த வருடம் வேண்டாம்.

ஆவணி 28, சனி

நானும் இவரும் கிரானுக்குப் போய் வந்தோம். சும்மா ஆட்களைப் பார்த்துக் கதைத்துவிட்டு வர. பிள்ளை இன்னும் ஓம் சொல்லவில்லை.

பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தது. முந்தி இந்தப் பாதையில் எத்தனை இடத்தில் சோதனைக்கு இறங்கிப் பையை அவிழ்த்துக் காட்டியிருப்போம். இன்று ஒரு இடத்திலும் இறக்கவில்லை. பையில் பலகாரப் பெட்டி: முறுக்கு, பயற்றம் உருண்டை, ஒரு சீப்புக் கதலி. வெறுங்கையோடு போவது அழகில்லை.

தயாபரனின் தாய் நல்ல சுறுசுறுப்பான மனிசி. நாலு அண்டாவில் நெல் அவிகிறது, ஏழு பேரை ஏவுகிறார். எனக்குப் பிடித்தது. பெட்டியை வாங்கிச் சாமிப் படத்துக்கு முன் வைத்து விளக்குக் கொளுத்தினார். பிறகு தட்டுத் தட்டாகப் பிரித்து அயல் வீடுகளுக்கு அனுப்பினார். கைதாராளம் என்று நினைத்தேன். சும்மா வந்தவர்களுக்கு விளக்கு எதற்கு என்று ஒரு கணம் தோன்றியது. நான் வீட்டின் கூரையையும் கிணற்றையும் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

திரும்பும்போது வாவிக்கு மேலே வானம் நல்ல சிவப்பு. இவர் தூங்கினார்.

ஆவணி 29, ஞாயிறு

காலை ஆறு மணிக்குக் கோல். கிரான்காரி.

"மச்சாள்! அடுத்த ஞாயிறு நாள் பாக்க வாறம். சாத்திரியாரையும் கூட்டிக்கொண்டு வாறம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் பக்கம் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போவது. பலகாரத்தோடு போய், அவர்கள் அதை உள்ளே எடுத்து அயலுக்குப் பங்கு வைத்தால் பேச்சு முடிந்த மாதிரி. ஊரெல்லாம் விலை பேசித் திரிகிற எனக்கு இது எப்படித் தவறியது?

சுகந்தி பின்னால் நின்று கேட்டுவிட்டாள்.

"ஆரைக் கேட்டுக் குடுத்த நீங்க?"

"வெறுங்கையோட போறதா மனே?"

"மூக்கு வரைக்கும் பாத்த மனிசனுக்கு முழுப்பெட்டிப் பலகாரமா?"

இவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "அரைப்பெட்டி குடுத்திரிக்கலாம்." தானே சொல்லித் தானே சிரித்தார்.

பிள்ளை சிரிக்கவில்லை. முகம் பார்த்து, அவர் கதைப்பதைக் கேட்டு, அதற்குப் பிறகுதான் ஓமோ இல்லையோ சொல்வாளாம். அவருக்கு லீவு வெள்ளி மட்டும். அப்படியானால் வருகிற வெள்ளிதான். "இல்லாட்டி சனிக்கிழமை நானே பஸ் ஏறிப் போய் உங்கட மச்சாளுக்கு இல்லையெண்டு சொல்லுவன்."

"போனில கதையன் மனே."

"போனில எல்லாரும் நல்லவங்கதான். உங்கட கூட்டுக்குள்ள நிண்டு எத்தினை பேர் பொய் சொன்னத நான் கேட்டிரிக்கன்."

அவள் சொன்னது உண்மை.

அவள் போய்ச் சொன்னால் கிரான் முழுக்கக் கதைக்கும்: களுவாஞ்சிக்குடிக் கடைக்காரி பலகாரம் கொடுத்துப் பகிடி விட்டாள் என்று. என் பெயர் கிடக்கட்டும். அடுத்த மாப்பிள்ளை கேட்டுப் போகிற இடத்தில் பிள்ளையின் பெயரை அல்லவா கேட்பார்கள்.

வேக லைன் வேண்டும். வெள்ளிக்குள்.

ஆவணி 30, திங்கள்

டவுனுக்குப் போனேன். தொலைபேசிக் கந்தோர். வரிசை, வியர்வை. மேசையில் இருந்த தம்பி மரியாதையான பிள்ளை.

"வெள்ளிக்குள்ள ஏலாது அக்கா. ஒரு ஆளுக்காக அந்தப் பக்கம் வான் வராது. ரெண்டு கிழமை செல்லும்."

"எத்தினை பேர் எண்டா வரும்?"

சிரித்தான். "அஞ்சு பேர் எண்டா வியாழக்கிழமை வாறம்."

"சொல்லு மாற மாட்டீங்களே?"

"நாளைக்குள்ள அஞ்சு ஃபோமும் வரட்டும், மாற மாட்டன்."

ஐந்து படிவம் வாங்கி வந்தேன். பஸ்ஸிலேயே என்னுடையதை நிரப்பியாயிற்று. கையெழுத்துக் கோணல். இரண்டு வருட ஒப்பந்தத்தை முழுக்க வாசித்தேன். இடையில் விட்டால் மிச்ச மாதங்களுக்கும் கட்ட வேண்டும். வாசித்துவிட்டுத்தான் வைத்தேன் கையெழுத்தை.

ஆவணி 31, செவ்வாய்

விடிந்ததும் கடைத்தெரு. மருந்துக்கடை: கொழும்புக்கு ஓடர் அனுப்பிவிட்டுப் போனையும் பாவிக்கலாம் என்றேன். எடுத்தார். டியூட்டரி சேர்: பரீட்சை முடிவு உங்கள் இடத்தில் முதலில் வரும் என்றேன். பேனையைத் தேடினார். ஸ்ரூடியோக்காரர்: கலியாணப் படத்தை அன்றைக்கே கனடாவுக்கு அனுப்பலாம், அதற்குத் தனிக் காசு எடுக்கலாம் என்றேன். தேத்தண்ணி தந்தார்.

நாலு. ஐந்தாவது ஆள் கிடைக்கவில்லை. இரும்புக்கடைக்காரருக்கு இருக்கிற போனே தொல்லையாம். பன்னிரண்டு மணி. மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

எதிர்க்கடை ஞானம்.

"என்ன அக்கா, அஞ்சு வருசத்தில இண்டைக்குத்தான் என்ட படியில கால் வைக்கிறீங்க!"

"வேக லைன் எடுக்கப் போறன். நீயும் எடு."

"நான் எடுத்தா உங்கட ஆக்கள் இங்க வருவாங்களே?"

"வருவாங்க."

"மறுகா என்னத்துக்கு எனக்குச் சொல்றீங்க?"

பொய் ஒன்று தேடினேன். வழக்கமாக வரும், இன்றைக்கு வரவில்லை. உள்ளதைச் சொன்னேன்.

ஞானம் மேசையில் தட்டித் தட்டிச் சிரித்தான். "கிரானில எங்கட மாமாட வீட்டுக்கும் ரெண்டு முறுக்கு வந்ததாம் அக்கா! கலியாணம் முடிஞ்ச மாதிரியெல்லோ மாமி கதைக்கிறா!" கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்து வைத்தான். பிறகு வியாபாரி ஆனான். வெளிநாட்டுக் கோல் விலையை இரண்டு கடையும் ஒரே மாதிரி வைக்க வேண்டுமாம். ஐந்து வருடம் நான் ஐம்பது சதம் குறைக்க அவன் ஒரு ரூபாய் குறைக்க இரண்டு பேரும் மெலிந்த விலை. சரி என்றேன். இதை நானே எப்போதோ கேட்டிருக்க வேண்டும்.

இரண்டரை மணி பஸ்ஸில் ஐந்து படிவமும் கந்தோருக்கு. தம்பி எண்ணிப் பார்த்துவிட்டு எழுந்து நின்றான்.

புரட்டாதி 2, வியாழன்

வான் வந்தது! பத்து மணிக்கு. இரண்டு பேர், ஒரு ஏணி. சின்னப் பெட்டி ஒன்று, பச்சை லைற் நாலு. ஒரு மணித்தியாலம்கூட இல்லை. வேலை செய்தவர்களுக்குச் சோறு கொடுத்தேன், மருந்துக்கடைக்காரர் சோடா.

இவரை வீட்டுக்குள் அனுப்பி ரிசீவரைத் தூக்கச் சொன்னேன். தூக்கினார். நெற் போகவில்லை. இன்னொரு தரம் தூக்கினார். நாலைந்து தரம் தூக்கித் தூக்கி வைத்து விளையாடினார்.

படம் திறந்தேன். கண் மூடித் திறக்க முன் முழு மனிசன். வாய் உண்டு. மேல்வரிசையில் ஒரு பல் மற்றதன் மேல் ஏறி நிற்கிறது. சுகந்தி பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தாள். பின்னேரம் பேப்பர் எடுக்க என்று வந்து பார்த்தாள். பிறகு கத்தரிக்கோல் எடுக்க என்று வந்து பார்த்தாள்.

இன்னொன்று. சட்டென்று திறந்தால் சட்டென்று எழும்பிப் போவார்கள் என்றுதானே பயந்தேன்? எழும்பவில்லை. ஒன்று திறந்ததும் இன்னொன்றைத் திறக்கிறார்கள். அரை மணித்தியாலம் இருக்கிற டியூட்டரிப் பிள்ளைகள் ஒன்றரை மணித்தியாலம் இருந்தார்கள். நான் போட்ட கணக்கு முழுப் பிழை. இவ்வளவு சந்தோஷமாக நான் ஒருநாளும் பிழைவிட்டதில்லை.

கெமரா வாடகைக்கு, ஸ்ரூடியோவிலிருந்து.

புரட்டாதி 3, வெள்ளி

காற்று விழுந்துவிட்டது. மூன்று மணிக்குக் கடையைப் பூட்டினேன். பகலில் பூட்டுவது செத்த வீட்டுக்கு மட்டும்தான். ஞானம் எதிரில் நின்று எட்டிப் பார்க்கிறான்.

சுகந்தி சேலை கட்டவில்லை. வாவிக்கு அங்கால் தான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக் கொப்பி ஒன்றோடு வந்து இருந்தாள். கேள்வி எழுதி வைத்திருக்கிறாள்! இவர் புதுச் சேர்ட்டோடு பின்னால். நான் போட்டோக்கொப்பி மிஷினடியில், கேட்காத மாதிரி.

முகம் வந்தது. அசைகிறது. முதல் இரண்டு நிமிடமும் "கேக்குதா?", "கேக்குது, உங்களுக்குக் கேக்குதா?" இதுதான்.

பிறகு என் பிள்ளை: "ஒருக்கா எழும்பி நடந்து காட்டுங்க."

இவருக்கு இருமல் வந்துவிட்டது.

"இங்க ரெண்டு அடிதான் இடம் இரிக்கி," என்றார் தயாபரன். "பரவால்லையா?"

நடந்தார். இரண்டு பக்கமும் அடுக்குக் கட்டில். கூட இருக்கிறவர்கள் காலைத் தூக்கி வழி விட்டார்கள். ஒருவன் கைதட்டுகிறான்: "கிறுகி வா மச்சான், கிறுகி வா!" திரும்பியவர் மேல்கட்டிலில் தலையை இடித்துக்கொண்டார். நல்ல சத்தம். சிரித்துக்கொண்டே வந்து இருந்தார். அந்தப் பல் தெரிந்தது.

சுகந்தி கொப்பியில் ஏதோ எழுதினாள். "இண்டைக்கு என்ன சமையல்?"

"மீன் ஆணம். இண்டைக்கு என்ட முறை."

"காட்டுங்க."

சட்டியைத் தூக்கி வந்து கெமராவுக்கு முன் பிடித்தார். ஆவி பறந்து படம் முழுக்க வெள்ளை. இவர் துள்ளி எழும்பி, "ஐயோ, நான் ரிசீவரத் தொடவே இல்ல!" தயாபரன் சாரன் தலைப்பால் கெமராக் கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க முகம் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. சுகந்தி மேசையில் தலையை வைத்துச் சிரித்தாள். றோட்டுக்குக் கேட்டிருக்கும்.

"மாமி அங்க ஒளிச்சு நிண்டு கேக்கிறாவோ? அப்பிடித்தான் நிப்பா எண்டு அம்மா சொன்னவ."

போய் முன்னால் நின்றேன்.

"ரொக்கம் ஒண்டும் வேணாம் மாமி. வெள்ளிக்கு வெள்ளி ஒரு மணித்தியாலம் சுகந்தியோட கதைக்கோணும். அதுதான் கேக்கிறன். நாலு மணிக்கு."

"நாலு மணி கடை நிறையிற நேரம் மகன். ரெண்டு."

"ரெண்டு மணிக்கு இங்க நான் சமையல் மாமி."

"சமைச்சுக்கொண்டு கதையுங்க."

"அம்மா!" கொப்பியை மூடிவிட்டாள் சுகந்தி. முகம் சிவந்து கிடந்தது. "மூண்டு மணி. எனக்கு மூண்டு மணியெண்டாத்தான் சரி."

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். அங்கே கட்டிலில் இருந்தவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள்.

முடிவானது:
வீடு சுகந்திக்கு, அது வழமை. ரொக்கம் இல்லை. அடுத்த ஆவணியில் வேலை ஒப்பந்தம் முடிய மாப்பிள்ளை வருவது, வந்தபின் திரும்பிப் போவதில்லை. சுகந்தி படிப்பிக்கிற வேலையை விடுவதில்லை. கலியாணம் வரைக்கும் வெள்ளிதோறும் மூன்று முதல் நாலு வரை முதலாம் கதிரை, காசு இல்லை. நாலுக்கு மேல் போனால் நிமிடத்துக்கு நாலு ரூபாய், மாப்பிள்ளை பொறுப்பு.