தொடாமல் செய்த சோதனை

அக்கா, போன வாரம் மகளுக்கு வந்த மருந்து டப்பாவைத் திறந்தேன். தார் வாசனை. புதிதாக ரோடு போட்டால் அடிக்குமே, அதே வாசனை. டப்பாவைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மகளுக்கு முதுகிலும் முழங்கையிலும் சொரியாசிஸ். முதலில் பூசுகிற மருந்து, அடங்காவிட்டால் ஒளி வைத்தியம், அப்புறம் மாத்திரை, கடைசியாக ஊசி என்று டாக்டர் பொறுமையாகச் சொன்னார். அடக்கி வைக்கலாம், அடியோடு போகாதாம். நான் கேட்டது ஒன்றே ஒன்று.

"தொத்துமா டாக்டர்?"

"தொத்தவே தொத்தாதும்மா. தாராளமா தொடலாம்."

எனக்குத் தலை நிமிரவில்லை. அந்தக் காலத்தில் என்னோடு தோட்டத்தில் வேலை செய்த உனக்கு இருந்ததும் இதேதான்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸர் உனக்கு ஊதா மருந்து போட்டுப் பார்த்தார், கந்தகக் களிம்பு கொடுத்துப் பார்த்தார். குணம் தெரிந்தது தார்க் களிம்பில் மட்டும்தான். காலையிலும் மத்தியானமும் பூசச் சொன்னார். மத்தியானம் நீ தேயிலைக் காட்டில் நிற்பாய். அதனால் சின்ன டப்பாவில் எடுத்துக் கூடையில் வைத்துக்கொள்வாய்.

மலாயாவில் வெள்ளைக்காரன் போட்ட அவசரகாலம் அது. லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி. காட்டுக்குள் பதுங்கியிருந்த கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று அரிசியோ மருந்தோ கேட்டைத் தாண்டக் கூடாது. பெண்களைத் தடவிச் சோதிக்க என்னை வைத்திருந்தார்கள். மழையில் கொழுந்து கிள்ள வேண்டாம் என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட. எல்லோரையும் தடவுவேன். உன் முறை வந்தால் கை ஓர் அங்குலம் தள்ளியே போய்வரும். உன் கூடையையும் தொட மாட்டேன்.

"எனக்கு மட்டும் காத்துலயே சோதனையாடி?" என்று நீ சிரிப்பாய்.

ஒருநாள் போலீஸ் சார்ஜன் கவனித்துவிட்டார். இவளை மட்டும் ஏன் தொடவில்லை என்று அதட்டினார். அருவருப்பு என்று சொல்ல வாய் வரவில்லை.

"அவ தொட விடமாட்டேங்கிறா சார்" என்றேன்.

கூடையைக் கவிழ்த்தார். டப்பா உருண்டது.

"மேலுக்குப் பூசுற மருந்து லா சார். இவளுக்குத் தெரியும், கேளுங்க" என்று என்னைப் பார்த்தாய்.

"எனக்குத் தெரியாது" என்றேன். வேலை போய்விடுமே என்ற பயம். அதைத் தவிர என்னிடம் நியாயம் எதுவும் இல்லை.

லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். டிரெஸர் டவுனுக்குப் போய்ப் பேசி உன்னை மீட்டுவர நாலு நாளாயிற்று. மருந்தில்லாத நாலு நாள். கையெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. அதன்பிறகு நீ டப்பாவைக் கொண்டுவரவே இல்லை.

திரும்பி வந்த மறுநாள் காலை, கேட்டில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றாய். சிரிக்கவில்லை.

"சீக்கிரம் பாரு புள்ள, கொழுந்து நெரைக்கு நேரமாச்சு."

நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை. வெட்கக்கேடு அக்கா, அன்றும் என் கை ஓர் அங்குலம் தள்ளியேதான் போனது. பல வருடம் கழித்து நீ செத்தபோதும் மாலையைப் பாயோரம் வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

இப்போது மகள் முதுகில் நான்தான் பூசிவிடுகிறேன். "கையொற போட்டுக்கம்மா, நாத்தம் போவாது" என்கிறாள். போடுவதில்லை. சோப்புப் போட்டாலும் விரலில் வாசனை நிற்கிறது. அந்தக் கையாலேதான் சோறு பிசைந்து சாப்பிடுகிறேன். உன்னை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை, அக்கா.