ஸ்டெல்லா வராத ஓவிய வகுப்பு

ஜூன் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. புக்கிட் பாஞ்சாங் வீட்டிலிருந்து நூலகம் போய்ச் சேர்வதற்குள் பாதி நனைந்தாயிற்று. வாங்க வேண்டியது: பல்பு, ரொட்டி, முட்டிவலித் தைலம்.

ஓவிய வகுப்பு, முதல் நாள். பழைய கிரேக்க, ரோமானியக் கடவுள்களை ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய இத்தாலிக்காரர்கள் எப்படி வரைந்தார்கள் என்பது பாடம். முப்பது வருஷம் பஸ் ஓட்டினவனுக்கு இதில் என்ன தெரியும்? டிசம்பரில் எங்கள் இருவர் பெயரையும் கொடுத்தவள் என் மனைவி ஸ்டெல்லா. ஜனவரியில் கண்ணை மூடிவிட்டாள்.

டீச்சர் மிஸ் டான் பெயர் கூப்பிட்டார். "ஸ்டெல்லா?"

"ஃபீவர், மிஸ்."

ஏன் அப்படிச் சொன்னேன்? மடையன்.

ஜூன் 10, செவ்வாய்

நல்ல வெயில். சட்டைக்கு இஸ்திரி, காலருக்கு மட்டும்.

திரையில் ஒரு தாய், மடியில் குழந்தை, நீலப் போர்வை. கை தானாக நெற்றிக்குப் போய்ச் சிலுவை போட்டுவிட்டது. மாதா இல்லையாம், ரோமானியக் கடவுள் வீனஸாம். குழந்தைக்கு முதுகில் இறக்கை இருந்ததை அப்புறம்தான் பார்த்தேன். வகுப்பே சிரித்தது. என்மேல் தப்பில்லை என்றார் மிஸ் டான். அதே ஓவியர் மாதாவையும் அதே முகத்தில்தான் வரைந்தாராம், எதிரில் உட்காரவைத்தது ஒரே பெண்ணை.

பக்கத்து நாற்காலி வசந்தா, தேக்கா சந்தையில் தையல்கடை. "சிரிக்காதீங்க லா. நானே கன்னத்துல போட்டுக்கப் போனேன்." அப்புறம் மெதுவாக, "சாமின்னு பேரு, போட்டிருக்கிறது அந்த ஊர்ப் பணக்காரப் பொம்பளைங்க உடுப்பு. உடுப்புக் கையில சுருக்கு வச்சுத் தச்சிருக்கிறத பாருங்கண்ணே."

இந்த ஐந்து மாதத்தில் என்னோடு யாரும் இவ்வளவு பேசியதில்லை.

கிளம்பும்போது வசந்தா கேட்டார். "அண்ணிக்கு இன்னும் காய்ச்சலா?"

"ஆமா."

இரண்டாவது பொய்.

ஜூன் 17, செவ்வாய்

வசந்தா ஆட்டுக்கால் சூப் கொண்டுவந்தார், ஸ்டெல்லாவுக்கு. "சூடு பண்ணிக் குடிக்கச் சொல்லுங்கண்ணே." வாங்கிக்கொண்டேன். வெட்கம். உண்மையைச் சொன்னால் இவரும் பேசமாட்டார். சொல்லாவிட்டால் அடுத்த வாரம் வீட்டுக்கே வந்துவிடுவார்.

இன்றைய படம்: செத்த மனைவியைப் பாதாளத்திலிருந்து கூட்டிவரும் பாட்டுக்காரன். வெளியே வரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தான், அவள் போய்விட்டாள். கதை கிரேக்கக் கதை. கையில் மட்டும் ஓவியர் காலத்து வயலின் மாதிரி ஒன்று.

ஏன் திரும்பினான் என்று மிஸ் டான் கேட்டார். சந்தேகம், அவசரம், ஆசை. ஆளுக்கொன்று சொன்னார்கள்.

நானும் கை தூக்கினேன். தடுமாறித் தடுமாறி ஆங்கிலத்தில். பின்னால் காலடிச் சத்தம் கேட்டிருக்காது என்றேன். என் மனைவி ஜனவரியில் இறந்துவிட்டாள், நான் இன்னும் ரோடு தாண்டும்போது திரும்பிப் பார்க்கிறேன் என்றேன்.

வகுப்பு முடிந்ததும் வசந்தா பையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகப் போய்விட்டார்.

சூப்பை நான் குடித்தேன். மிளகு தூக்கல்.

ஜூன் 19, வியாழன்

மந்தாரம். துணி காயவில்லை.

வசந்தாவிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். "கோபம்தாண்ணே. இல்லாதவங்களுக்கு சூப்பு வச்சுக் குடுத்திருக்கேன் பாருங்க. சரி, ஸ்டெல்லாக்கா எப்படி இருப்பாங்க? நல்ல போட்டோவா ஒண்ணு அனுப்புங்க."

போன் முழுக்கத் தேடினேன். இறுதிச் சடங்குக்கே அவள் அடையாள அட்டைப் படத்தைத்தான் பெரிதாக்கினேன். பினாங்கு, வேளாங்கண்ணி, போன கிறிஸ்துமஸ். நானூறு படம் இருக்கும். எல்லாவற்றிலும் நான்தான். எடுத்தது அவள்.