நீ வைத்த நான்கு மிட்டாய்கள்

பையைத் திறக்கும்போதெல்லாம் பாதாம் பிஸ்கட் வாசனை வருகிறது. ஸ்பெயினிலிருந்து திரும்பிப் பத்து நாளாகிறது. பொட்டலத்தைப் பிரிக்கவும் மனமில்லை, யாருக்காவது கொடுக்கவும் மனமில்லை. தினமும் வேலைக்கு மீஞ்சூரில் ரயில் ஏறி, கும்மிடிப்பூண்டிவரை மடியிலேயே வைத்துக்கொண்டு போகிறேன். இருப்புக் கொள்ளவில்லையடி.

ஆறு வருஷம் நமக்கு ஒரே மேஜை. காலை ஷிப்ட் நீ, மதியம் நான். அளவுக் கருவிப் பெட்டியை என்னிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் நீ கிளம்பலாம். சோதனை அறையில் தின்பண்டம் கூடாது என்று எழுதியே ஒட்டியிருந்தார்கள். நீ கேட்டால்தானே? கருவிகளுக்கு அடியில், டிஷ்யூவில் சுற்றி, எனக்கொரு கடலை மிட்டாய் வைப்பாய். "சூப்பர்வைசர் பாத்தா இன்னா? அவுருக்கும் ஒண்ணு குடுத்துடலாம்" என்பாய்.

வெளிநாட்டுப் பயிற்சிக்காக இருவரும் ஒன்றாகத்தான் பாஸ்போர்ட் எடுத்தோம். என்னை மட்டும் தேர்ந்தெடுத்தது ஒரு வாரம் முன்பே எனக்குத் தெரியும். சொல்லத் தைரியம் வரவில்லை. நீ நோட்டீஸ் போர்டில் பார்த்துத் தெரிந்துகொண்டாய். "தெரிஞ்சிகினே எங்கூட டீ குடிச்சினு இருந்தியா?" என்றாய். அதோடு பேச்சு நின்றது. பெட்டியை மேஜையிலேயே வைத்துவிட்டு, நான் வருமுன் கிளம்பிவிடுவாய். ஆனால் பெட்டியில் மிட்டாய் மட்டும் இருக்கும். வீம்புக்கு நான் தொடவில்லை. மறுநாள் அதன் பக்கத்தில் இன்னொன்று. நான்கு சேர்ந்தபோது காய்ச்சல் என்று லீவு போட்டாய். அந்த வாரமே, அந்தக் காய்ச்சலிலேயே செத்துப்போய்விட்டாய்.

ஸ்பெயினில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பயிற்சி நடந்த ஆலையில் வேலை செய்யும் பெண் என்னைப் பழைய கன்னியர் மடத்துக்குக் கூட்டிப்போனாள். உள்ளிருக்கும் சிஸ்டர்கள் வெளியாருக்கு முகம் காட்டமாட்டார்களாம். சுவரில் உருளையாக ஒரு மர அலமாரி. மணியடித்து, அவர்கள் சுட்டு விற்கும் பிஸ்கட்டைக் கேட்டால் உள்ளிருந்து ஒரு குரல். அலமாரி சுழன்று, பிஸ்கட் பொட்டலம் நம் பக்கம் வருகிறது. வைத்த கையைப் பார்க்க முடியாது.

மறுபடி மணியடித்து, அந்த மரத்தில் வாயை வைத்து, "நான் முன்னாடியே சொல்லியிருக்கணும்டி" என்றேன். குரல் ஏதோ கேட்டது. இன்னொரு பொட்டலம் வேண்டுமா என்று கேட்கிறார்கள் என்றாள் கூட வந்தவள். அழுதுவிட்டேன்.

உன் நான்கு மிட்டாயும் இத்தனை நாள் என் லாக்கரில் இருந்தன. நேற்று ஒன்றைத் தின்றேன். கடலை சிக்கு வாடை அடித்தது, தொண்டையில் கசந்தது. துப்பவில்லை. இன்னும் மூன்று இருக்கின்றன. அவற்றையும் தின்றுவிடுவேன்.