அழுமூஞ்சிக்கு அப்பா இல்லை

ரிமோட்டுக்கு பேட்டரி மாற்றலாம் என்று அதன் பிளாஸ்டிக் உறையைக் கழற்றினேன். உள்ளேயிருந்து உன் முழங்கால் தைலத்தின் வாசனை வந்தது. ஒரு கையால் முட்டியைத் தேய்த்துக்கொண்டே அதே கையால் சேனல் மாற்றுவாயே, அந்தக் கை இத்தனை மாதமும் உறைக்குள்தான் இருந்திருக்கிறது. பேட்டரியைப் போடாமல் கொஞ்ச நேரம் அதை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். நம் மகள் கட்டிலில் உட்கார்ந்து பார்த்தாள். பழைய மகளாக இருந்தால், "இன்னாப்பா, ரிமோட்ட மோந்து பாக்கற, கெட்டுப்போச்சா?" என்று கேட்டு என்னை ஓட்டியிருப்பாள். இப்போது அவள் எதுவும் கேட்பதில்லை. பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

எஸ்.எஸ்.எல்.சி.யில் ஒரு தரம் தவறி மறு தரம் தட்டுத்தடுமாறித் தேறியவன் எழுதுகிற மடல் இது. பிழைகளைப் பொறுத்துக்கொள். யாரிடமாவது கேட்டாக வேண்டும். கேட்க உன்னைத் தவிர எனக்கு ஆள் கிடையாது. நீயும் இல்லை.

நான் வேலை முடிந்து பெங்களூர் ரயிலை விட்டு இறங்கி வீடு வந்து சேரும்போது உனக்கு இரண்டாவது சீரியல் முடிந்து மூன்றாவது தொடங்கியிருக்கும். அதில் வருகிறவர்களின் பெயர் எதுவும் உன் வாயில் நுழையாது. நீயே வைத்த பெயர்கள்தான். எந்நேரமும் கண்ணைத் துடைக்கிற மருமகள் அழுமூஞ்சி. படுக்கும்போதும் ஆரத்தைக் கழற்றாத மாமியார் நகைக்கடை. இருவருக்கும் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிற புருஷன்காரன் பொம்மை. செருப்பைக் கழற்றும்போதே நான் கேட்பேன்: "இன்னிக்காவது பொம்ம வாயத் தொறந்தானா?"

"தொறந்தான். காபி வேணும்னு கேட்டான்" என்பாய்.

உன் தீர்ப்பு எதுவும் ஊரோடு ஒத்துப்போகாது. நகைக்கடையைத் திட்டாத வாய் நம் சுரங்க லைன் வீடுகளில் இல்லை. நீ மட்டும் அவள் கட்சி. "அந்த ஊட்ல மத்ததுங்க எல்லாம் சோபாவுல உக்காந்துக்கினு அழுவுதுங்க. விஷம் வாங்கறது, ஆள் செட் பண்றது, படிக்கட்டுல எண்ண ஊத்தறது, அத்தினி வேலையும் அவ ஒருத்தியே பாக்கறா. ஒரு நாள் லீவு உண்டா பாவம்?" அழுமூஞ்சியைக் கண்டால்தான் உனக்கு ஆகாது. "வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா முடிஞ்சிபோற கதைய வருஷக்கணக்கா இழுக்கறா பாருங்க."

இந்த வரியை எழுதிவிட்டு பேனாவைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன்.

நான் உட்கார்ந்து பார்த்தவன் இல்லை. கேலி செய்யத் தேவையான அளவுக்குப் பார்த்தவன். நகைக்கடை திரும்பினால் அதை மூன்று தரம் காட்டுவார்கள் இல்லையா, அதேபோல் தோளில் துண்டோடு மூன்று தரம் திரும்பிக் காட்டுவேன். நீயும் மகளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பீர்கள். இந்த வீட்டில் எனக்குக் கொடுத்த வேஷம் அதுதான். காமெடி ட்ராக். கதைக்கும் காமெடியனுக்கும் சம்பந்தம் இருக்காது. முக்கியமான விஷயத்தை யாரும் அவனிடம் சொல்வதில்லை.

பக்கத்து வீட்டு ரோசக்கா, தன் வீட்டில் நம்முடையதைவிடப் பெரிய டிவி இருந்தும், இங்கே வந்துதான் பார்ப்பாள். ஒரு சாயங்காலம் தரையில் காலை நீட்டிக்கொண்டு சொன்னாள்: "நகைக்கடையும் பாவம்டி. மருமக வந்ததுலேருந்து அவளுக்கு யாரும் சோறு போடறதில்ல. தண்ணியக் குடிச்சிட்டு படுத்துக்கறா."

நான் விடுவேனா? "இன்னாக்கா சொல்ற? அந்த சீனே வரலியே! நேத்துகூட கோழிக்கால கடிச்சிக்கினு இருந்தாளே?"

என் தொடையில் நீ கிள்ளிய இடம் இரண்டு நாள் கன்றியிருந்தது. ரோசக்கா எழுந்து போனதும் களியையும் குழம்பையும் தூக்குச் சட்டியில் போட்டு மகளிடம் கொடுத்து அந்த வீட்டுக்கு அனுப்பினாய். பிறகு என்னிடம் திரும்பினாய்.

"அவ இன்னா சீரியலையா சொன்னா? அவ ஊட்டு கதைய சொல்லிக்கினு கீறா. நேரா சொன்னா மானம் போயிடும்னு நகைக்கட மேல போட்டு சொல்றா. இந்த லைன்ல பொம்பளைங்க எல்லாம் அப்டித்தான் பேசிக்கறோம். உங்களுக்கு மட்டும்தான் அது சீரியல்."

அதையும் ஒரு ஜோக்காக்கி மறுநாள் ரயிலில் சொல்லிச் சிரித்தேன்.

மகளைப் பெங்களூரில் கட்டிக்கொடுத்த பிறகு தினமும் சாயங்காலம் நீங்கள் இருவரும் போனில் பேசுவீர்கள். வேறு பேச்சே இருக்காது. பொம்மை என்ன செய்தான், நகைக்கடை எங்கே போனாள், அழுமூஞ்சி ஏன் இன்று சாப்பிடவில்லை, இதே அரை மணி நேரம். "ரெண்டு பேரும் ஒரே சீரியலப் பாத்துட்டு ஒருத்திக்கொருத்தி கத சொல்லிக்கறீங்களே, இதுக்கா நான் ரீசார்ஜ் பண்றேன்?" என்று கேட்டால், போனைப் பொத்திக்கொண்டு, "நீங்க போய் குளிங்க" என்பாய்.

பிறகு நீ படுத்தாய். பிறகு நீ இல்லை.

போன மாதம் ஒரு நாள் நான் வேலையிலிருந்து வந்தபோது மகள் வாசற்படியில் ஒற்றைப் பையோடு உட்கார்ந்திருந்தாள். "சும்மா வந்தேம்பா" என்றாள். சும்மா வந்தவள் வாரங்கள் ஆகியும் திரும்பிப் போகவில்லை. வளையல் முழங்கை வரைக்கும் ஏறுகிறது, அவ்வளவு இளைத்திருக்கிறாள். தட்டில் போட்டதைத் தின்கிறாள், போடாவிட்டால் கேட்பதில்லை. சாயங்காலம் ஆனால் உன் இடத்தில் உட்கார்ந்து சீரியலைப் பார்க்கிறாள். "இன்னாம்மா ஆச்சு அங்க?" என்று எத்தனை விதமாகக் கேட்டேன் தெரியுமா? கொஞ்சிக் கேட்டேன், அதட்டிக் கேட்டேன், அந்த மூன்று தரம் திரும்புகிற வித்தையைக்கூடச் செய்து காட்டினேன். "ஒண்ணுமில்லப்பா." அவ்வளவுதான்.

இதற்கு நடுவில் மாப்பிள்ளை போன் செய்தார். "மாமா, ஞாயித்துக்கெழம அம்மாவும் நானும் வர்றோம். அவள ரெடியா இருக்கச் சொல்லுங்க." குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. அனுப்புவதா வேண்டாமா என்று எனக்கு ஒன்றும் தெரியவில்லை. நீ இருந்திருந்தால் நேராகக் கேட்டிருக்க மாட்டாய். அழுமூஞ்சியை வைத்துக் கேட்டிருப்பாய். சரி, நாமும் அப்படியே கேட்போம் என்று முடிவு செய்தேன். அதற்குக் கதை தெரிய வேண்டுமே! காலை ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனில் பழைய எபிசோடாகப் பார்க்க ஆரம்பித்தேன். கூட வருகிற பையன்கள் விடுவார்களா? "இன்னா அண்ணாத்த, மாமியா மருமக சண்டையா? கண்ணெல்லாம் கலங்கிக் கீது?" என்றார்கள். "பொம்மைக்கு காபி குடுக்கலடா, அதான்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் படித்துவிட்டுப் பரீட்சைக்கு உட்கார்ந்தேன். உனக்குத்தான் தெரியுமே, நான் படித்தது எப்போதும் கேள்வித்தாளில் வராது.

"அழுமூஞ்சி கோச்சிக்கினு அம்மா ஊட்டுக்கு வந்துட்டாளே, பாத்தியா?" என்றேன்.

"அது எப்பவோ முடிஞ்சிபோச்சுப்பா. இப்ப வேற ட்ராக் போவுது."

"சரி, முடிஞ்சதாவே வெச்சிக்க. அவ திரும்பிப் போலாமா, வேணாமா? நீ இன்னா சொல்ற?"

விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் வராது என்று நான் எழுந்தபோது சொன்னாள்: "போவாப்பா. போவாம இன்னா பண்ணுவா? போவ வேணாம்னு சொல்ல அவளுக்கு அப்பா இல்லியே."

சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற கேஜ் கீழே போகத் தொடங்கும்போது வயிறு மேலேயே நின்றுவிடும், உடம்பு மட்டும் கீழே போகும் என்று என் அப்பா சொல்வார். நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் எத்தனையோ ஷிப்ட் இறங்கியவர். ஒரு நாளும் இறங்காத எனக்கு அது அன்று சாயங்காலம், கூடத்தில் நின்ற இடத்திலேயே தெரிந்தது.

ஏனென்றால் நீ சொல்லியிருந்தாய். ஆஸ்பத்திரியில், சுவரில் மாட்டியிருந்த டிவி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தபோது, மூச்சு வாங்க வாங்கச் சொன்னாய்: "இன்னாங்க... அந்த அழுமூஞ்சிய அவங்கப்பா போயி கூட்டிக்கினு வந்துட்டா தேவல."

நான் என்ன பதில் சொன்னேன்? "அவங்கப்பன் மொத எபிசோட்லயே போயிட்டாம்மே. சுவத்துல மாலை போட்டு தொங்கறான். போட்டோவா எறங்கிப் போயி கூட்டினு வரும்?" ஊசி போட வந்த நர்ஸ் சிரித்துவிட்டாள். நீ சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்திருந்த உன் விரல்கள் தளர்ந்தன. அசதி என்று நினைத்தேன். அதற்குப் பிறகு நீ சீரியலைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தார்கள். சீரியலில் கெட்டவள் உள்ளே வந்தால் ஒரு இசை போடுவார்கள், நமக்கு வேலை மிச்சம். இங்கே இசையும் இல்லை, ஒன்றும் இல்லை. மாப்பிள்ளையின் அம்மா கழுத்தில் ஆரம் இல்லை, மெல்லிய சங்கிலிதான். ஒரு பை நிறைய ஆப்பிள் வாங்கி வந்திருந்தார்கள். உன் படத்துக்கு முன்னால் நின்று கண்ணை மூடிக் கும்பிட்டார்கள்.

"சம்பந்தி, பொண்ணுக்கு அம்மா ஞாபகம். நாலு நாள் இருந்துட்டு வரட்டும்னுதான் நாங்களும் பேசாம விட்டோம். இனிமே நானே அம்மாவா இருந்து பாத்துக்கறேன்" என்றார்கள். மாப்பிள்ளை பக்கத்தில் போனைத் தடவிக்கொண்டிருந்தார்.

நிஜமாகவே நல்லவர்களாக இருந்துவிட்டால்? மகள் அன்று உண்மையிலேயே சீரியலைப் பற்றித்தான் சொல்லியிருந்தால்? விளம்பர இடைவேளையில் சொன்ன ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு பெற்ற மகளின் குடித்தனத்தை நானே உடைக்கப்போகிறேனா? உன் படத்தைப் பார்த்தேன். கல்யாண வீட்டில் எடுத்த படம். அதில் நீ யாரையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

"இப்ப அனுப்பறதா இல்லீங்க" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"ஏன் சம்பந்தி? எங்ககிட்ட இன்னா குறை?"

"தெரியலீங்க. போறேன்னு அவ வாயால சொன்னா நானே கொண்டாந்து விடறேன்."

டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அடுப்பங்கரைக்குப் போய்விட்ட மகளுக்கு எல்லாம் கேட்டிருக்கும். நாங்கள் மூவரும் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் வெளியே வரவில்லை. போகிறேன் என்றும் சொல்லவில்லை. அந்தம்மா எழுந்தார்கள். அதே மெல்லிய குரலில், "நாலு பேரு நாளைக்கி உங்களத்தான் கேப்பாங்க" என்றார்கள். மாப்பிள்ளை கதவுவரை போய்த் திரும்பி, "யோசிச்சிக்கோங்க மாமா" என்றார்.

அவர்கள் போன பிறகு மகள் வந்தாள். ஓடி வந்து என் தோளில் சாய்ந்து அழுவாள் என்று எதிர்பார்த்தேன். டீ கிளாஸ்களை எடுத்தாள். "யாருமே குடிக்கலியாப்பா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் வழக்கம்போல டிவியைப் போட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுமூஞ்சி கோயில் படி ஏறிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணுக்கு தெனமும் ஒரு வாட்டி போன் குடுப்பாங்கப்பா" என்றாள் மகள், டிவியைப் பார்த்தபடி.

நானும் டிவியைப் பார்த்தபடியே, "ம்" என்றேன்.

"சாயங்காலம் மட்டும். ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசணும். மாமியாரு பக்கத்துலயே உக்காந்திருக்கும். அம்மாகிட்ட இன்னா பேச முடியும் சொல்லு? சீரியல் கததான் பேச முடியும்." வளையலை மேலே தள்ளிவிட்டாள். "ஆனா அவங்கம்மாவுக்கு எல்லாம் புரிஞ்சிடும்."

டிவியில் கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. நான் தலையைத் திருப்பவில்லை. திருப்பினால் நிறுத்திவிடுவாள் என்று பயம்.

"அப்புறம் இன்னாம்மா ஆச்சு?"

சொன்னாள். விளம்பரம் வந்தால் நிறுத்திக்கொண்டாள். சீரியல் தொடங்கினால் தொடர்ந்தாள். சொன்னதை இங்கே எழுத எனக்குக் கை வராது. உனக்கு எழுதவும் வேண்டியதில்லை, நீ என்றைக்கோ கேட்டு முடித்ததுதான். அப்பாவுக்குத் தெரிய வேண்டாம் என்று அவள் உன்னிடம் கேட்டுக்கொண்டாளா? இல்லை, சிரித்துக்கொண்டு திரிகிறவன் அப்படியே இருக்கட்டும் என்று நீயாகவே விட்டுவிட்டாயா?

இன்னும் அவள் சொல்லி முடிக்கவில்லை. தினம் கொஞ்சம் சொல்கிறாள். அடுத்து எங்கே போவது, யாரைப் பார்ப்பது, நாலு பேர் வந்து கேட்டால் என்ன சொல்வது, ஒன்றும் தெரியாமல் ரயிலில் போய் வந்துகொண்டிருக்கிறேன். சாயங்காலம் நெருங்கினால் வீட்டுக்குப் போகவே பயமாக இருக்கிறது. ஆனாலும் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, டிவியைப் பார்த்துக்கொண்டு, அப்புறம் என்ன ஆச்சு என்று கேட்கிறேன். நீ விட்டுப்போன வேலை அது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது.

எனக்குப் புரியாதது இதுதான். அந்த அரை மணி நேரமும் இதையெல்லாம் காதில் வாங்கிவிட்டு, போனை வைத்துவிட்டு, "கைய கழுவிக்கினு வாங்க" என்று எனக்குச் சோறு போடுவாய். உன் கை ஒரு நாளும் நடுங்கி நான் பார்த்ததில்லை. நேற்று சீரியல் முடிந்ததும் நான் மகளுக்குச் சோறு போட்டேன். கரண்டி தட்டில் பட்டு தடதடவென்று அடித்தது. நிறுத்தப் பார்த்தேன், நிற்கவில்லை. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். தட்டு ஆடாதபடி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.