இருபத்தெட்டுப் பட்டைகள்

காஸ்ட்ரீஸ்
ஜனவரி 6

அன்பு மகள் மெர்லிண்டாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், அவளுடைய முழங்காலைத் தவிர. அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயல் ஜோவனும் அந்தக் குளிரில் சளி பிடிக்காமல் இருக்கிறீர்களா? போனில் பேசுகிற மனுஷன் காகிதத்தை எடுத்துவிட்டானே, என்னவோ ஏதோ என்று பயந்துவிடாதே, பயந்துபோயிருப்பது நான்தான். போனில் பேசினால் உன் அம்மா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள், இது அவளுக்கு இன்னும் தெரியாது. பிப்ரவரி பன்னிரண்டாம் தேதி உங்கள் சுற்றுலாக் கப்பல் எட்டு மணி நேரம் நம் தீவில் நிற்கும், பிள்ளையை எங்கே கூட்டிப்போகலாம் என்று கிறிஸ்துமஸ் அன்று கேட்டாய். காட்டுக்கு மேலே கம்பியில் தொங்கிப் போகிற வண்டி, ரெடுயி கடற்கரை, அப்பா வேலை செய்கிற சுற்றுலாப் படகு என்று மூன்று சொன்னாய். நான் வாயைத் திறப்பதற்குள் படகுக்கே பதிந்தாயிற்று என்றும் சொன்னாய். தாத்தா ஒரு பையனைக் காப்பாற்றின படகு என்று ஜோவன் பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறானாமே. அன்றிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தக் கதையை உனக்குச் சொன்னவள் உன் அம்மா. பாதிரியாரிடமும் அவள்தான் சொன்னாள், அவர் பூசையில் என் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னார், நானும் வெட்கமில்லாமல் நின்றேன். நடந்தது அது இல்லை, மகளே.

எங்கள் படகில் ஏறுகிறவர்களுக்கு மஞ்சள் கைப்பட்டை கட்டுவது உனக்குத் தெரியும். சின்னப் பிள்ளைகளின் மணிக்கட்டில் அது நிற்காது, கழன்று கடலில் போய்விடும். அதனால் தாயின் கையிலேயே அவளுடையதையும் பிள்ளையுடையதையும் சேர்த்துக் கட்டிவிடுவோம். கிளம்பும் முன் நான் தலையை எண்ணுவதில்லை, பாட்டைக் கேட்டு ஆடுகிற கூட்டத்தில் எந்தத் தலை ஓரிடத்தில் நிற்கிறது? ஒவ்வொரு கையாகத் தொட்டுப் பட்டையைத்தான் எண்ணுவேன், பதினேழு வருஷமாக அப்படித்தான். நவம்பரில் அன்றைக்கு இருபத்தெட்டுப் பேர். சூஃப்ரியேரில் மழை பிடித்துக்கொண்டது, வெந்நீர் ஊற்றிலிருந்து திரும்பவே நேரமாகிவிட்டது, வழியில் கடல் குளியலுக்குக் கரையில் நிறுத்தியதும் அரைகுறையாகத்தான். அவர்களுடைய கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்புகிறது. கேப்டன் லுபின் மேலிருந்து, “அன்செல்ம், எல்லாரும் ஏறியாச்சா? கப்பல் நமக்காக நிக்காதுப்பா” என்றான். நான் கைகளைத் தொட்டுக்கொண்டே போனேன், ஒரு தாயின் கையில் இரண்டு முறை தொட்டேன். இருபத்தெட்டும் இருக்கு, எடு என்றேன்.

அவளுடைய நான்கு வயதுப் பையன் ஒரு மரத்துக்குப் பின்னால் மூத்திரம் போகப் போயிருந்திருக்கிறான். தாய் அவன் தகப்பனோடு முன்பக்கம் இருக்கிறான் என்று நினைத்தாள், தகப்பன் அவன் தாயோடு இருக்கிறான் என்று நினைத்தான். நான் எல்லாருக்கும் ரம் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் கேட்டாள், என் பிள்ளை எங்கே என்று. படகைத் திருப்பிக் கரை தெரியும்வரை பத்து நிமிஷம் இருக்கும். அந்தப் பத்து நிமிஷமும் முன்பலகையில் நின்றேன், ஒரு ஜெபம்கூட வாயில் வரவில்லை மெர்லி. தண்ணீரில் கறுப்பாக ஏதோ தெரிந்தது, தேங்காய் மிதக்கிறது என்று நினைத்தேன். அது அவன் தலை. குதித்துப் போய்ப் பிடித்தபோது தண்ணீர் அவன் தாடையில் இருந்தது, படகு போன திசையிலேயே நடந்து வந்திருக்கிறான். கரையில் அவன் செருப்பு இரண்டும் ஒழுங்காகப் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. செருப்போடு படகில் ஏறுகிறவனைக் கேப்டன் மீனுக்குப் போட்டுவிடுவார் என்று காலையில் வேடிக்கை சொன்னது நான். அவன் அதைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் கடலில் இறங்கியிருக்கிறான்.

தூக்கிக்கொண்டு வரும்போது என் கழுத்தைக் கட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னான், “நீங்க என்னைத் தொடவே இல்லையே. அம்மா கையத்தானே ரெண்டு தடவ தொட்டீங்க.” காலையில் கிளம்பும்போது நான் எண்ணினதைப் பார்த்திருக்கிறான் போல. படகில் எல்லாரும் கைதட்டினார்கள். அந்தத் தாய் என் கையைப் பிடித்து முத்தமிட்டு, உங்களால்தான் என் பிள்ளை பிழைத்தான் என்று அழுதாள். எண்ணினது நான்தான் அம்மா என்று அப்போதே சொல்லியிருக்கலாம். நாலு வயதுப் பிள்ளையிடம் யார் கேட்கப் போகிறார்கள் என்று சும்மா இருந்துவிட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் மூன்று தடவை எண்ணுகிறேன். கூடுதலாக யாராவது ஏறிவிட்டார்களா என்று லுபின் கிண்டல் செய்கிறான். இதைத் தபாலில் போட்டுவிட்டு நேரே அவன் வீட்டுக்குத்தான் போகிறேன், இனிமேல் பிள்ளைகளுக்குக் கணுக்காலில் பட்டை கட்டு என்று சொல்ல வேண்டும், ஏன் என்றும் சொல்ல வேண்டும். வேலை போனால் போகட்டும்.

நீ படகை ரத்து செய்துவிடு. தொங்கு வண்டியும் வேண்டாம், அந்த மலைப்பாதை வளைவுகளில் பத்து வயதுவரை நீ என் மடியில் வாந்தி எடுத்தவள், உன் மகன் மட்டும் சும்மா இருப்பானா? ரெடுயி நல்ல இடம்தான், ஆனால் திரும்பும்போது வண்டிகள் நகராமல் நின்றால் உன் கப்பல் போய்விடும். பேசாமல் விஜி கடற்கரைக்கு வாருங்கள். கப்பலிலிருந்து நடந்தே வந்துவிடலாம், ஓடுபாதை பக்கத்திலேயே இருப்பதால் விமானம் தலைக்கு மேலே தாழ்ந்து வரும், ஜோவனுக்கு அது போதும். அம்மா சுட்ட பேக் ரொட்டியும் உப்புமீனும் கொக்கோ தேநீரும் கொண்டுவருவாள். அவன் அளவுக்கு ஒரு மிதவைச் சட்டை வாங்கி வா, பெரியவர்கள் சட்டை வேண்டாம், உருவிக்கொண்டு போய்விடும். கரையில் முழங்கால் தண்ணீருக்கு மேல் விடாதே, அவன் அப்பாவிடம் இருக்கிறான் என்று நீ நினைக்காதே, திரும்பிப் பார். தாத்தா காப்பாற்றவில்லை, விட்டுவிட்டுப் போய்த் திரும்பி வந்தார் என்று அவனிடம் நீயே சொல்லிவிடு. அவனிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

அன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை, காலை ஏழு மணியிலிருந்து துறைமுக வாசலில் நிற்பேன். உன்னைக் கட்டிக்கொள்ளவில்லையே, மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கவில்லையே என்று கோபித்துக்கொள்ளாதே. முதலில் ஜோவன் தலையில் கை வைத்து, ஒன்று என்று எண்ணிய பிறகுதான் உங்கள் இருவரிடமும் வருவேன்.

மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும். மிதவைச் சட்டையை மறந்துவிடாதே.

உன் அப்பா,
அன்செல்ம் ஹிப்போலிட்