இடது செட்டையில் உன் கைரேகை

மச்சான்,

இன்று காலை கச்சான் காற்று வீதித் தூசியை எல்லாம் அள்ளி வந்து என் விறாந்தையில் கொட்டிவிட்டது. யன்னலோரம் தங்கூசி நூலில் தொங்கும் நமது பொம்மை விமானம் ஆடி ஆடிச் சட்டத்தில் முட்டிக்கொண்டிருந்தது. மூக்கு உடைந்துவிடுமோ என்ற பயத்தில் கழற்றி எடுத்து, பழைய பனியன் துணியால் துடைத்தேன். இடது செட்டையின் அடிப்பக்கத்தைத் துடைக்கும்போது விரலில் அந்தப் பள்ளம் பட்டது. நீலப் பெயின்டுக்கு அடியில் உன் பெருவிரல் ரேகை அப்படியே இருக்கிறது.

வள்ளத்துக்குப் பெயர் எழுதக் கேட்டு வந்திருந்த ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு செட்டை வீங்கியிருக்கிறதே, செய்தவர்களின் பிழையா என்று கேட்டார். இல்லை, வள்ளம் திருத்துகிறவனின் பிழை என்றேன். அவருக்கு விளங்கவில்லை. விளக்கத் தொடங்கினால் அந்த மனிதர் முன்னால் அழுதுவிடுவேன் என்று தெரிந்ததால், வள்ளத்தின் பெயரை மட்டும் குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டேன். உன்னிடமாவது சொல்லலாம் என்றுதான் இப்போது கடதாசியும் பேனையுமாக உட்கார்ந்திருக்கிறேன்.

நாம் இருவரும் கடலுக்குப் போகாமலே கடலால் பிழைத்தவர்கள். குறிஞ்சிப்பிட்டியில் உன் கொட்டிலில் நீ பைபர் வள்ளங்களின் வெடிப்பை அடைப்பாய். நீ அடைத்து முடித்ததும் பாலாவியிலிருந்து நான் பிரஷ் டின்னோடு வந்து முன்பக்கத்தில் பெயர் எழுதுவேன். பெயர் எழுதாத வள்ளத்தை உங்கள் ஆட்களும் கடலில் இறக்கமாட்டார்கள், எங்கள் ஆட்களும் இறக்கமாட்டார்கள். பெயர் காய்ந்த பிறகுதான் உங்கள் மாதா கோயில் சுவாமி வந்து தீர்த்தம் தெளிப்பார். எங்கள் பக்கத்து வள்ளம் என்றால் மௌலவி வந்து துஆ ஓதுவார். எழுத்து சரியாக இருக்கிறதா என்று நீ தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பாய். உனக்குத் தமிழே தடவித் தடவித்தான் வாசிக்க வரும். ஆனாலும் பிழை பிடிப்பாய்.

அப்படியிருந்த எனக்குத்தான் பாரிசவாதம் வந்தது. வாய் ஒருபக்கம் இழுத்தது மெல்ல மெல்லச் சரியானது. கால் தேறியது. வலது கை மட்டும் மடியில் வைத்தால் வைத்த இடத்தில் கிடந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்தைத் தந்து, ஒவ்வொரு நாளும் அமுக்கச் சொன்னார்கள். இரண்டு கிழமை அமுக்கிப் பார்த்துவிட்டு அதை முற்றத்தில் எறிந்தேன். முப்பது வருடம் எழுத்து எழுதிய கையிடம் பந்தை அமுக்கு என்று சொல்வது எனக்கு அவமானமாக இருந்தது. அந்த நாட்களில் வள்ளக்காரர்கள் ஸ்டிக்கர் வெட்டும் கடைகளுக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். நீ அதை என்னிடம் சொல்லவே இல்லை. வேறு ஆட்கள் சொல்லித்தான் அறிந்தேன்.

இன்னொன்றையும் வேறு ஆட்கள்தான் சொன்னார்கள். காலமெல்லாம் மற்றவர்களின் வள்ளத்துக்கு ஒட்டுப் போட்ட நீ, உனக்கென்று ஒரு வள்ளம் கட்டி முடித்திருந்தாய். கடும் நீலம் அடித்து, கொட்டிலில் கிடுகுக்குக் கீழே கவிழ்க்காமல் வைத்திருந்தாய். ஏன் இன்னும் இறக்கவில்லை என்று கேட்டவர்களிடம் எல்லாம், பெயின்ட் இன்னும் காயவில்லை என்றாயாம். ஒரு மாதம் போய், இரண்டு மாதம் போய், மழையும் வந்து போயிற்று. அப்போதும் அதே பதில். எந்தப் பெயின்ட் அப்படிக் காயாமல் இருக்கும் என்று ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் வள்ளம் என் கையைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறது என்று எனக்கு மட்டும் விளங்கியது.

பிறகு ஒருநாள் அஸர் தொழுகை முடிந்த பின்னேரம், மோட்டார் சைக்கிளில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தாய். இத்தாலியில் வயதானவர் ஒருவரைப் பராமரிக்கும் உன் மகள் அனுப்பிய பார்சலில் வந்ததாம். அந்த மனிதர் வாங்கி வைத்துப் பொருத்தாமலே விட்டது. மூடியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் பிளாஸ்டிக் துண்டுகள், புளியங்காய் தொங்குவதுபோலச் சட்டங்களில் தொங்கின. பெட்டியின் மேல் படத்தில் பழைய யுத்த விமானம். கோர்ஸேர் என்று பெயராம். செட்டை நடுவில் வளைந்து, நீர்க்காகம் செட்டையைக் காயப்போட்டு நிற்பதுபோல இருந்தது. வெள்ளைக்காரனின் சண்டைக் காலத்தில் இப்படி வளைந்த செட்டைக்காரன் பாலாவியில்தான் இறங்கினான், என் அப்பா கண்ணால் கண்டவர் என்று நீ சொன்னாய். உன் அப்பா கண்டதாக நீ சொன்னவற்றில் பாதியை நான் நம்பியதில்லை. இதையும் நம்பவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. மன்னாரில் இருந்த யுத்த காலத்தில் விமானச் சத்தம் கேட்டாலே உம்மா எங்களைக் கட்டிலுக்குக் கீழே தள்ளுவார். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு இங்கே வந்து எத்தனையோ வருடம் கழிந்தும், மேலே சத்தம் கேட்டால் என் தலை தானாகக் குனியும். அது உனக்கும் தெரியும்.

"சண்டை பிளேன எதுக்கு என்ட ஊட்டுக்குள்ள கொண்டு வந்தாய்?" என்று கேட்டேன்.

"இதுல குண்டு இல்ல மச்சான். எண்ணெயும் இல்ல. பசைதான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, என் மேசையில் துண்டுகளைப் பரப்பத் தொடங்கினாய்.

நான் தொடமாட்டேன் என்று கதிரையில் திரும்பி உட்கார்ந்தேன். நீ கவலைப்படவில்லை. ஒவ்வொரு நாளும் அதே நேரத்துக்கு வந்தாய். விளக்கத் தாள் இத்தாலி மொழியில் இருந்ததால் படத்தையும் இலக்கத்தையும் பார்த்துப் பார்த்து, நகவெட்டியால் துண்டுகளை வெட்டி எடுத்தாய். வள்ளத்தின் பாரிய உடம்பில் வேலை செய்து பழகிய உன் தடித்த விரல்களுக்குள் அந்தச் சக்கரங்கள் அரிசிமணிபோல ஒளிந்துகொண்டன. விமானம் ஓட்டுகிற பொம்மையைத் தலைகீழாக ஒட்டினாய். என் மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, உங்கள் கூட்டாளிக்கு இது சரிவராது போலிருக்கிறது என்று என் காதோடு சொன்னார். நான் முதுகைக் காட்டிக்கொண்டே எல்லாவற்றையும் யன்னல் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் செட்டை ஒட்டும் முறை வந்தது. வள்ளத்தில் ரெசின் பசை பூசுமுன் அசிட்டோன் துணியால் துடைத்து, எண்ணெய்ப் பசையும் உப்பும் போக்குவது உன் பழக்கம். நாற்பது வருடப் பழக்கம். யோசிக்காமலே சட்டைப் பையிலிருந்து சின்னப் போத்தலை எடுத்தாய், துணியை நனைத்தாய், இடது செட்டையை நுனிவரை அழுத்தித் துடைத்தாய். அது முதலில் பளபளவென்று மின்னியது. நீ திருப்தியோடு தலையாட்டினாய். பிறகு அசிட்டோன் பிளாஸ்டிக்கைத் தின்ன, செட்டை பனங்கட்டிபோல இளகி, நுனி கீழே தொங்கியது. துணி அதில் ஒட்டிக்கொண்டது. இழுத்தெடுத்துப் பார்த்தால் அடியில் உன் பெருவிரல் பதிந்து கிடந்தது.

உன் முகத்தை நான் கண்ணாடியில் கண்டேன். கோயிலில் மெழுகுதிரியைத் தட்டி விழுத்திய ஆள்போல நின்றாய். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, சிரிப்பு வந்தது. பாரிசவாதம் வந்த பிறகு அதுதான் முதல் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். உள்ளே இருந்து மனைவி, எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்து ஓடி வந்தார்.

"சிரிக்காம இதப் புடி. கீழ விழப்போகுது" என்று நீ அதட்டினாய். நான் திரும்பி, கையை நீட்டி, செட்டையைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் கவனித்தேன், அது வலது கை. நீயும் கவனித்தாய். ஆனால் பசை எங்கே என்று மேசையில் தேடத் தொடங்கினாய். சொல்லியிருந்தால் வெட்கத்தில் விட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு நீ செட்டைக்கு வள்ளத்து வைத்தியமே பார்த்தாய். இளகிய பகுதியை வெட்டிவிட்டு, பைபர் நாரும் ரெசினும் வைத்துப் புதிய நுனி கட்டினாய். அதுதான் அந்த வீக்கம். அதைச் சேண்ட் பேப்பரால் உரசும் வேலையை எனக்குத் தந்தாய். இடது கையால் தாங்கிக்கொண்டு வலது கையால் உரசுவேன். தாள் விழும், எடுப்பேன், திரும்பவும் விழும். ஒருநாள் ஆத்திரத்தில் உன்மேலேயே எறிந்துவிட்டு, எனக்கு இனி ஏலாது, உன் வள்ளத்துக்கு நல்ல ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிக்கொண்டு போ என்று கத்தினேன். நீ தாளைக் குனிந்து எடுத்துத் தட்டினாய்.

"அவங்கட வள்ளத்துக்கு அவங்க ஒட்டட்டும். என்ட வள்ளத்துக்கு நீதான் எழுதோணும். எனக்கு ஒரு அவசரமும் இல்ல."

அடிப்பக்கத்துக் கைரேகையை மட்டும் நான் உரசாமல் விட்டேன். உன்னைப் பழிக்க ஒரு அடையாளம் வேண்டுமே என்றுதான் அப்போது நினைத்தேன்.

கடைசியாக இலக்கம் ஒட்டும் நாள் வந்தது. பெட்டியில் அதற்கென்று ஒரு தாள் இருந்தது. தண்ணீரில் ஊறவைத்தால் இலக்கம் வழுக்கிக்கொண்டு வரவேண்டும். அந்தத் தாள் எத்தனை வருடம் பெட்டிக்குள் கிடந்ததோ, கோப்பைத் தண்ணீரில் இட்டதும் அப்பளம்போலத் துண்டு துண்டாகிவிட்டது. நான் உன்னைப் பார்த்தேன். இந்த முறை உன் பிழை ஒன்றும் இல்லை. நீ எழும்பிப்போய், அலுமாரிக்கு மேல் நான் தூக்கிப் போட்டிருந்த பிரஷ் டின்னை எடுத்து வந்து எனக்கு முன்னால் வைத்தாய். படத்தில் இருந்தது ஒரேயொரு ஏழு. நான் எழுதிய முதல் ஏழு மண்புழுபோல நெளிந்தது. நீ மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தாய். அசிட்டோன் இல்லையே என்று ஒருமுறை மணந்து பார்த்துக்கொண்டுதான் துடைத்தாய். அன்று நாலு முறை எழுதினேன், நாலு முறை துடைத்தாய். மறுநாளும் வந்தாய். கடைசியில் ஒரு ஏழு நின்றது. நீ தள்ளிப்போய், ஒரு கண்ணை மூடிப் பார்த்தாய். இந்த முறை பிழை பிடிக்கவில்லை.

பத்து நாள் கழித்து உன் கொட்டிலுக்கு வந்து, வள்ளத்தில் உன் மகளின் பெயரை எழுதினேன். அதை எழுத ஒரு முழுப் பகல் போயிற்று. முதல் எழுத்து கொஞ்சம் குண்டு. சுவாமி தீர்த்தம் தெளித்து, வள்ளம் இறங்கும்போது, அந்தக் குண்டெழுத்துத்தான் தூரத்திலும் தெரிகிறது என்று கரையில் நின்றவர்களிடம் பெருமையடித்தாய். உனக்கு நான் நன்றி என்று ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்ல வெளிக்கிட்டால் நீ வேறு கதை எடுப்பாய். இப்போது எடுக்க முடியாது, ஆனபடியால் சொல்கிறேன். இந்தக் கை நீ தந்தது மச்சான். நாளைக்கு, காலையில் வந்த அந்தக் கனமூலை ஆளின் வள்ளத்தில் ஐந்து எழுத்துகள் எழுதப்போகிறது. இந்தக் கடதாசியையும் அதுதான் எழுதுகிறது.

அந்தப் பிரஷ் டின்னை உன் வீட்டுக்கு நான் கடைசியாகக் கொண்டுவந்தது உன் அடக்கத்தன்று. நெஞ்சுவலி என்று காலையில் ஆஸ்பத்திரிக்குப் போன நீ, பின்னேரம் வீட்டுக்குப் பெட்டியில் வந்தாய். மறுநாள் தச்சர் சிலுவையைச் செய்து கொண்டுவந்து வைத்தார். பெயரை ஸ்டிக்கராக வெட்டி ஒட்டலாம், கெதியாக முடியும் என்று யாரோ சொன்னதற்கு, அவர் கூட்டாளி எழுதட்டும் என்று உன் மனைவி சொல்லிவிட்டார். ஒரு முஸ்லிம் சிலுவையில் எழுதலாமா என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். நான் என் மச்சானின் பெயரைத்தான் எழுதுகிறேன் என்றேன்.

பின்வளவு மாமர நிழலில் அதைச் சாய்த்து வைத்து எழுதினேன். எழுதி முடித்து, தள்ளி நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன். பிழை இல்லை.

கோயில் மணி கேட்டது. உன்னைத் தூக்க ஆட்கள் தயாராக நின்றார்கள். சிலுவை முன்னால் போகவேண்டும். உன் மனைவி பின்வளவுக்கு வந்து, எப்போதும்போல அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டு, சிலுவையைக் கொண்டுபோகலாமா என்று கேட்டார். கடைசி எழுத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

"கொஞ்சம் பொறுங்க தங்கச்சி" என்றேன். "பெயின்ட் இன்னும் காயல்ல."